மேடைக்கு மட்டும் ஆகும் தமிழ்

செப்டம்பர் 3, செவ்வாய்

இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், யோகேஸ். வெண்பா தூங்கி, அத்தையின் அறையில் தொடர்நாடகம் ஓய்ந்து, கபிலனின் நாளைய வேலைச் சீருடையைத் தேய்த்து மாட்டிய பிறகுதான் இந்த மேசை எனக்குக் கிடைத்தது. தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பில் நாளுக்கு ஒரு பக்கம் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் படிக்கச் சொல்வார்களே, நினைவிருக்கிறதா? என் பக்கத்தில் நீ இருந்தாய். அந்தப் பழக்கம் என்னைக் கெடுத்துவிட்டது. உன்னைப் பார்த்துப் பேசாமல் எனக்கு நாட்குறிப்பே எழுத வருவதில்லை. நீயோ கோத்தா கினபாலுவில் இரவு வேலை பார்க்கும் தாதி, அழைத்தால் கிடைக்கமாட்டாய். எழுதிவைக்கிறேன். ஒருநாள் மொத்தமாகப் படமெடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் நான் என் மகளிடம் தமிழில் பேசக்கூடாது.

போன வாரம் கிளினிக்குக்குப் போயிருந்தோம். மூன்றரை வயதில் பிள்ளை வாக்கியமாகப் பேசவேண்டுமாம். வெண்பா இன்னும் ஒற்றைச் சொல்லில்தான் நிற்கிறாள், அதுவும் எனக்குத்தான் புரியும். தாதி அவள் முதுகுக்குப் பின்னால் சின்ன மணியை ஆட்டினார். சுவரில் ஆடிய கையின் நிழலைப் பார்த்து வெண்பா திரும்பிச் சிரித்தாள். காது நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, வீட்டில் எத்தனை மொழி என்று கேட்டார். தமிழ், ஆங்கிலம், மலாய் என்றேன். என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க தமிழா பேசுறீங்க பிள்ளைகிட்ட?" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கபிலன் வீட்டில் வந்து சொல்ல, அத்தை தொலைபேசியில் அண்ணியிடம் சொல்ல, ஞாயிறன்று அண்ணியே வந்துவிட்டார்.

சாருமதி அண்ணியை உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் வாழ்த்துரை வாசித்தவர். கபிலனின் அக்கா, இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியை, இங்கே கிள்ளானில் ஒரு மொழிக் கழகத்தின் செயலாளர். பிள்ளைக்கு வெண்பா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவருடைய இரண்டு பையன்களுக்கும் தமிழில் கடைப் பலகை படிக்க வராது. அது வேறு கதை.

அண்ணி நிதானமாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

"நீ நல்லாத்தான் பேசுற லிங், நான் இல்லங்கல. ஆனா படிச்சுக்கிட்ட மொழி வேற, பொறப்புல வந்த மொழி வேற. பிள்ளைக்கு முதல்ல கேக்கிறது அசலா இருக்கணும். நீ உன் மொழியில பேசு. தமிழ நாங்க பாத்துக்கிறோம்."

உன் மொழி. என் மொழி எது, யோகேஸ்? அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை போட்டபோது எனக்கு ஆறு வயது. அம்மாவிடம் பேசிய ஹக்காச் சீனம், அம்மா இறந்த வருஷத்தோடு நின்றுபோயிற்று. அப்பா என்னோடு மலாயில் இரண்டு வார்த்தை பேசுவார், கல்லாப்பெட்டியைப் பார்த்தபடி. நான் சோறு கேட்டது, சண்டை போட்டது, வயதுக்கு வந்து பயந்து அழுதது எல்லாம் உன் வீட்டில், உன் அம்மாவிடம், தமிழில். அது படித்துக்கொண்டதா? வந்துவிட்டதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தால் நான் அதைத் தாண்டியது எனக்கே தெரியாது.

"கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார் கபிலன், அண்ணி போன பிறகு.

செப்டம்பர் 4, புதன்

காலையில் "எழுந்திரும்மா" என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். முதுகைத் தட்டி எழுப்பினேன். எப்போதும் தட்டித்தான் எழுப்பவேண்டும் இவளை, கூப்பிட்டால் எழமாட்டாள்.

செப்டம்பர் 11, புதன்

மாண்டரின் கற்றுக்கொள்கிறேன். ஆமாம், சிரி. கைப்பேசியில் ஒரு செயலி. பச்சைப் பறவை ஒன்று தலையாட்டுகிறது. என் மகளிடம் நான் "என் மொழி"யில் பேசுவதற்காக, அவள் உறங்கும்போது காதில் கருவி மாட்டிக்கொண்டு "இது ஆப்பிள், அது பூனை" என்று முணுமுணுக்கிறேன். ஹக்காதான் கொஞ்சம் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் சீனம்தானே" என்றார் அத்தை.

காலையில் சந்தையில் கீரை விற்கும் சீனத்து அம்மாவிடம் புதிதாகக் கற்றதை எடுத்துவிட்டேன். அவர் கையில் இருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். பாதி புரிந்தது. சீனம் தெரியாத சீனர்களை இந்த ஊரில் வாழைப்பழம் என்பார்கள், வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை.

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் யார் என்னைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "எங்க, வாழைப்பழம் சொல்லு." மாமா, சித்தப்பா, சம்பந்தி வீட்டார், பூக்காரர், ஒருமுறை பிரசவ வார்டில் தையல் போடவந்த டாக்டர்கூட. இங்கே வாழைப்பழம் சொல்லவேண்டும். அங்கே நானே வாழைப்பழம்.

கீரை நல்ல கீரை. கடைந்தேன்.

மாலையில் ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். தெருப் பிள்ளைகள் ஓடின. வெண்பா கம்பிக்கதவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்த பிறகு எழுந்து ஓடினாள். எதிலும் மெதுவான பிள்ளை.

செப்டம்பர் 16, திங்கள். மலேசியா தினம்

இன்றைக்கு நடந்ததைக் கேள்.

போன வாரம் மீன் கடையில் நான் பேரம் பேசியதை அண்ணியின் பெரிய பையன் தர்ஷன் ஒளிந்திருந்து படமெடுத்திருக்கிறான். மீன்காரர் பழைய கெம்போங் மீனைத் தள்ளப் பார்த்தார். செவுளைத் தூக்கிக் காட்டி நான் கொஞ்சம் சத்தம் போட்டேன், உன் அம்மா போடுவது மாதிரியே. அதற்கு மேல் "சீனப் பெண்ணின் தமிழைக் கேளுங்கள்" என்று எழுதிப் பரப்பிவிட்டான். இன்று காலைக்குள் பினாங்கில் இருக்கிறவர்கள்கூடப் பார்த்துவிட்டார்கள். வாட்ஸ்அப் புலனத்தில் எனக்கே அது மூன்று பேரிடமிருந்து வந்தது. "நம்ம பிள்ளைங்க இந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கணும்" என்று ஒருவர். "யார் பெத்த புள்ளையோ" என்று ஒருவர். பெற்றவர் ஹக்காக்காரி, ஐயா, தமிழ் ஒரு சொல் தெரியாது.

மத்தியானம் அண்ணி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. கழகத்துக்காரர்கள் பார்த்துவிட்டார்களாம், தலைவர் "உங்க வீட்டு மருமகளா!" என்று நேரிலேயே வந்து கேட்டாராம். தீபாவளிக்கு முன்னால் மொழி விழா, அக்டோபர் 26. மண்டபம் நிறைந்த கூட்டம். அதில் நான் மேடையேறி ஐந்து நிமிஷம் பேசவேண்டும். பேச்சை அண்ணியே எழுதித் தருவார்.

அவர் இதைச் சொல்லும்போது வெண்பா என் மடியில் ஏறி என் தொண்டையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். புதுப் பழக்கம் இது. நான் பேசாமல் விட்ட தமிழைத் தேடுகிறாள் என்று நினைக்கிறேன். "பாத்தியா, பிள்ளைகிட்ட இப்ப தமிழ் பேசாமப் பழகிட்டியே!" என்று அண்ணி மெச்சிக்கொண்டார்.

ஒரே நாற்காலியில், ஒரே வாயால், இரண்டையும் சொன்னார். சிரமமே இல்லை அவருக்கு.

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று கேட்காதே. அத்தை எதிரில் பலகாரத் தட்டோடு நின்றார். கபிலனுக்கு அவ்வளவு பெருமை முகத்தில்.

செப்டம்பர் 25, புதன்

எனக்குச் சளிக்காய்ச்சல். வெண்பாவுக்கு எப்போதும் ஒழுகும் மூக்கு, அவளிடமிருந்துதான் எனக்கு. சுவாசக் கவசம் மாட்டிக்கொண்டு திரிகிறேன். நாலு நாளாக இந்தப் பிள்ளை எதையும் கேட்பதில்லை. "வா", "வேண்டாம்", "செருப்பு" எல்லாம் தெரிந்தவள்தான். இப்போது நான் மாண்டரினில் சொன்னாலும் கல், யாருக்கும் தெரியாமல் தமிழில் சொன்னாலும் கல். கவசத்தைப் பிடித்து இழுக்கிறாள். விடாவிட்டால் அழுகிறாள். நோய் ஒட்டிக்கொள்ளுமே என்று நான் திரும்பவும் மாட்டுகிறேன், அவள் திரும்பவும் இழுக்கிறாள்.

பிடிவாதம் அப்பா பக்கம்.

செப்டம்பர் 28, சனி

கவசத்தைக் கழற்றிவிட்டேன். "செருப்பு" என்றேன். ஓடிப்போய் எடுத்துவந்தாள், இரண்டு காலுக்கும் சரியாக. இந்தப் பிள்ளையை எனக்குப் புரியவில்லை.

அக்டோபர் 5, சனி

அண்ணி வாரம் இருமுறை வந்து வெண்பாவுக்கு "அசல் தமிழ்" கற்றுக்கொடுக்கிறார். பட அட்டைகளைத் தூக்கிப்பிடித்து, அட்டைக்குப் பின்னால் இருந்து சொல்கிறார். வெண்பா அட்டையைப் பார்க்காமல், எட்டி எட்டி அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பார்க்கிறாள். "படத்தப் பாரு" என்று அண்ணி அட்டையை இன்னும் மேலே தூக்குகிறார்.

இன்று "தண்ணீர்" என்று சொல்லச் சொன்னார். வெண்பாவின் வாயில் சொல்லின் தலையும் வாலும் தேய்ந்து, நடுவில் ஒரு ராகம் மட்டும் வந்தது, ஏறி இறங்கி. அண்ணி அட்டையை வைத்துவிட்டார். அத்தையைப் பார்த்தார்.

"கேட்டீங்களாம்மா? அப்படியே சீனச் சாடை. அவகிட்டருந்து ஒட்டிக்கிச்சு. நான் சொன்னேன்ல."

அத்தை, "ஆமா, பேச்சு பாட்டு மாதிரி இழுக்குது" என்றார். கபிலன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். வெண்பா உடனே ஓடி, பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எனக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மகளின் வாயைத் திறந்து பார்த்து உள்ளே அம்மாவின் இனத்தைக் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொல்கிறார், அதை மருத்துவர் சொன்னமாதிரி வீடே கேட்டுக்கொள்கிறது. அண்ணியின் பையன்கள் "தர்ஷன்" என்பதையே ஆங்கிலத்தில் நெளித்துச் சொல்கிறான்கள், அது யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டதாம்? அதற்குப் பெயர் ஸ்டைல். என் மகளுக்கு வந்தால் சாடை.

பிறகு குளித்தேன். கண்ணாடி முன் நின்று "தண்ணீர்" என்று சொல்லிப் பார்த்தேன். பலமுறை.

அக்டோபர் 9, புதன்

அண்ணி எழுதிய பேச்சு வந்தது. இப்படித் தொடங்குகிறது: "நான் ஒரு சீனப் பெண். எனக்குத் தமிழ் சரியாக வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்."

எனக்குத் தமிழ் சரியாக வருமே அண்ணி என்றேன். தெரியும், ஆனால் அப்படித் தொடங்கினால்தான் கைதட்டு விழும் என்றார். இடையில் ஒரு இடத்தில் சொல்லைத் தேடுவதுபோலக் கொஞ்சம் நிறுத்தவேண்டுமாம். முடிவில் வாழைப்பழம்.

"அப்புறம், சேலை வேணாம். சீன உடுப்பு, சியோங்சாம் ஒண்ணு தச்சிடலாம், செவப்புல. சேலை கட்டிட்டுப் பேசினா நம்ம ஆளுங்கள்ல ஒருத்தி மாதிரி ஆயிடும். எடுபடாது."

நம்ம ஆளுங்களில் ஒருத்தி மாதிரி ஆகிவிடும்! ஏழு வருஷமாக அதைத்தானே நான் பண்ணிக்கொண்டிருக்கிறேன்? யாரும் சொல்லவில்லையே அது எடுபடாது என்று.

என் வாழ்நாளில் சியோங்சாம் போட்டதில்லை. அளவெடுக்கத் தையல்காரர் நாளை வருகிறார்.

அக்டோபர் 15, செவ்வாய்

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். (பார், அண்ணியின் பேச்சு வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.)

மாலை நாலு மணி இருக்கும். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். வெண்பா கூடத்துத் தரையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளாஸ்டிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதால், எத்தனையோ நாளுக்குப் பிறகு தைரியமாக, வாயாரக் கூப்பிட்டேன், "வெண்பா, வாடா செல்லம், முறுக்கு தரேன்."

திரும்பவில்லை.

கோபம் வந்தது. இவளும் என் தமிழை ஒதுக்குகிறாளா என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் முதலில் நினைத்தேன், யோகேஸ். மலாயில் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில், அவள் அப்பா கூப்பிடுவது மாதிரி. பச்சைப் பறவை கற்றுக்கொடுத்த மாண்டரினில். கடைசியாக அம்மா என்னைக் கூப்பிட்ட ஹக்காவில், எனக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஒரு சொல்லில். ஒவ்வொரு முறையும் ஓரடி கிட்டப் போனேன். கோப்பை மேல் கோப்பை அடுக்கிக்கொண்டே இருந்தாள். எந்த மொழிக்கும் அவள் கழுத்து அசையவில்லை.

அப்போது சுவாசக் கவசம் நினைவுக்கு வந்தது. அவள் இழுத்த இழுப்பு.

சுற்றிப்போய் அவள் எதிரில், அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தாள். நான் சத்தமே இல்லாமல், வெறும் உதட்டால், "வா" என்றேன்.

கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மடியில் விழுந்தாள்.

அக்டோபர் 17, வியாழன்

தனியார் காது மருத்துவரிடம் போனோம். கபிலன் விடுப்பு எடுத்தார். கண்ணாடி அறைக்குள் வெண்பாவை உட்காரவைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் திரைக்குப் பின்னால் நீர் கோத்துக் கெட்டியாக, பசை மாதிரி ஆகியிருக்கிறது. சளி ஓயாத பிள்ளைகளுக்கு வருமாம். எவ்வளவு காலமாக என்று சொல்லமுடியாது, வருஷத்துக்கு மேலேயே இருக்கலாம். சின்னக் குழாய் வைத்து நீரை வெளியேற்றிவிட்டால் கேட்கும், நிச்சயமாகக் கேட்கும் என்றார் மருத்துவர். பெயர் ரேணுகா, நம் வயதுதான் இருக்கும்.

"நீங்க எந்த மொழில பேசியிருந்தாலும் அவளுக்குத் தண்ணிக்கடியில இருந்து கேட்ட மாதிரிதான் இருந்திருக்கும். நுனிச் சத்தமெல்லாம் போயிடும், ராகம் மட்டும் போய்ச் சேரும். அவ கேட்டதத்தான் திருப்பிச் சொல்லியிருக்கா."

ராகம் மட்டும். கபிலன் தலையைக் குனிந்துகொண்டார்.

என்ன மொழியில் பேசட்டும் என்று கேட்டேன். எது தானாக வருகிறதோ அதில், முகத்துக்கு நேராக, நிறையப் பேசுங்கள் என்றார். நான் அழுதேன். காகிதம் எடுத்துக் கொடுத்தார். கதவுவரை வந்தார். வந்து, "கேக்கணும்னு நினைச்சேன், உங்க தமிழ் ரொம்ப நல்லாருக்கே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

இவருமா!

அக்டோபர் 18, வெள்ளி

இன்று முழுக்கப் பேசினேன். தரையில் அவளுக்கு எதிரே சம்மணமிட்டு, வெங்காயம் உரிப்பதைப் பேசினேன், காக்கையைப் பற்றிப் பேசினேன், மீன்காரரைத் திட்டினேன். தொண்டை கட்டிவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

அத்தையும் நானும் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது அண்ணி வந்தார், தைத்த சியோங்சாமைத் தூக்கு மாட்டியோடு ஏந்திக்கொண்டு. காது விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும், கபிலன் சொல்லியிருந்தார். "நல்லவேளை, சின்ன விஷயந்தான், கடவுள் காப்பாத்தினார்" என்றார். பிறகு சட்டையை என் தோளில் வைத்து அளவு பார்த்தார். என் கையெல்லாம் மாவு.

நான் விழாவுக்கு வரவில்லை என்றேன்.

அவர் சிரித்தார், பயமா என்றார். இல்லை என்றேன். அழைப்பிதழில் என் படம் அச்சாகிவிட்டது என்றார். தெரியும் என்றேன். அப்போதுதான் அவர் குரல் மாறியது.

"நாங்க என்னா, உன்ன அவமானமா படுத்தினோம்? பெருமையாதானே கூப்பிட்டோம். வெளியாளுங்க முன்னால எங்க மருமகன்னு தூக்கிவெக்கிறோம், அது தப்பா?"

"மேடையில ஏத்துறதுக்கு இருக்கிற தமிழு, என் மககிட்ட பேசுறதுக்கு மட்டும் இல்லாமப் போச்சா அண்ணி?"

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை அடுப்பைத் தணித்தார். அண்ணி சியோங்சாமின் உறையைச் சரிசெய்தார்.

என்னால் நிறுத்தமுடியவில்லை. அவள் என் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தாள், அந்த வாயையும் ஏழு வாரம் மூடவைத்தீர்கள் என்றேன். அவள் பேசியதில் நீங்கள் நோயைக் கேட்கவில்லை, என் முகத்தைக் கேட்டீர்கள் என்றேன். இதே ராகம் தர்ஷன் வாயில் வந்திருந்தால் மறுநாளே காது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். குரலை உயர்த்தவில்லை. முறுக்குக் குழலைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். அதனால்தானோ என்னவோ யாரும் குறுக்கே பேசவில்லை.

அண்ணி, "எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா?" என்றார். குரல் உடைந்திருந்தது. சியோங்சாமை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அத்தை எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி, "அடுத்தத பிழி லிங்கு, மாவு காயுது" என்றார். பிழிந்தேன்.

ராத்திரி படுக்கையில் கபிலன் ரொம்ப நேரம் தூங்கவில்லை. பிறகு சொன்னார், "எனக்கும் பிள்ளை பேசுறது அப்படித்தான் கேட்டுச்சு, லிங். சீனச் சாடைன்னுதான்."



அக்டோபர் 26, சனி

விழா நாள். அத்தை போனார். கபிலன் போகவில்லை. அதை அவர் ஒரு பெரிய காரியமாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வாசலில் நிறுத்தியிருந்த காடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அண்ணி வந்தார். மேடைச் சேலையோடு, கையில் பொட்டலம். மண்டபத்துச் சாப்பாடு. நான் வாங்கிக்கொண்டேன். கூட்டம் என்னைக் கேட்டது என்றும், உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்ததாகவும் சொன்னார். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. எடுப்பார் என்று நான் காத்திருக்கவுமில்லை. கொஞ்சம் காத்திருந்தேன்.

போகும்போது வெண்பா வாசலில் நின்றாள். அண்ணி வழக்கம்போல அவள் தலைக்கு மேலிருந்து "பை பை" சொல்லப்போனவர், நின்றார். பட்டுச்சேலையோடு, முட்டி நோவோடு, சுவரைப் பிடித்துக் குந்தினார். அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, "அத்தை போயிட்டு வரேன்" என்றார், ஒவ்வொரு சொல்லாக.

வெண்பா அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

இதனால் என் கோபம் தீர்ந்தது என்று எழுதினால் பொய். தீரவில்லை. ஆனால் பொட்டலத்தில் இருந்த கேசரியைச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

யோகேஸ், நாளை காலை எல்லாவற்றையும் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். அதற்கு முன் ஒன்று பாக்கி. இத்தனை பக்கத்தில் எங்கேயும் நான் எழுதாதது.

எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அண்ணி சொல்வதற்கு வெகு முன்னாலேயே. வெண்பா முதல்முதலாகச் சொல் பழகியபோதே, அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்டு, இது என்னிடமிருந்து போனதுதான், நான் எவ்வளவு தேய்த்துக் கழுவியும் எங்கோ ஒட்டியிருந்தது இவளிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதனால்தான் பேசாதே என்றபோது வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் என்னை மூடவைத்தார்கள் என்று அண்ணியிடம் சொன்னேனே, அது முழுக்க உண்மையில்லை. இருபத்தைந்து வருஷமாக "ரொம்ப நல்லா பேசுற" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, என் தமிழ் யாரோ இரவல் கொடுத்தது, எந்த நேரமும் திருப்பிக் கேட்பார்கள் என்று நானே நம்பியிருக்கிறேன். கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். பிள்ளையின் காதைப் பார்க்க எனக்கே தோன்றவில்லை.

நன்றாகப் பேசுகிறேன் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. உன் அம்மாவும் சொன்னதில்லை. "வாயாடாதடி" என்றுதான் சொல்வார்.

எனக்கு அப்படி ஏதும் சாடை இருக்கிறதா, உண்மையைச் சொல் என்று உன்னிடம் கேட்க நினைத்திருந்தேன். இப்போது கேட்கவில்லை. இருந்தால் இருக்கட்டும். என் மகள் அம்மா மாதிரி பேசினால் அதில் யாருக்கு என்ன?

கேட்க வேண்டியது வேறு. நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை வெண்பாவுக்குக் குழாய் வைக்கிறார்கள். மயக்கம் தெளிந்து எழும்போது எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்கும், குழாயில் தண்ணீர் விழுந்தால்கூடப் பிள்ளைகள் மிரளும் என்று மருத்துவர் சொன்னார். அப்போது யாராவது பக்கத்தில் இருந்து என்னோடு சும்மா பேசிக்கொண்டிருக்கவேண்டும், நாம் பேசுவோமே அந்த மாதிரி, சண்டையும் சிரிப்புமாக. அது அவள் காதில் முதலில் விழட்டும். உனக்கு விடுப்பு கிடைக்குமா? விமானச் சீட்டை நான் எடுக்கிறேன். சீக்கிரம் பதில் போடு.